மெகாபைட்டும் மதகும்

2003-இல் வையம்பட்டி, மணப்பாறைப் பக்கம் கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை எம்பி?" என்றுதான். பல நேரம் அதோடு பேச்சு முடிந்துவிடும். பையன் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பான். அப்பா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பார். கம்பெனி பெயர் தப்பும் தவறுமாக இருக்கும், மாடல் எண் பாதிதான் இருக்கும், ஆனால் 128 எம்பி என்பது மட்டும் அடிக்கோடு போட்டுத் தெளிவாக இருக்கும்.

அப்போது நான் மணப்பாறையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். காலையில் வையம்பட்டியில் திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸைப் பிடித்து மணப்பாறையில் இறங்குவேன். சரக்கு திருச்சியிலிருந்து வரும், அங்கே இல்லாதது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பார்சலில் வரும். கேமுக்காகக் கார்டு வாங்குகிறவர்கள் குறைவு. வாங்குகிறவர்களுக்கோ அது பெரிய செலவு. முறுக்குப் போட்டு விற்கிற வீட்டுப் பையனும் வருவான், மாட்டுச் சந்தைத் தரகர் மகனும் வருவான். அந்தக் காசுக்குச் சரியான பொருளைக் கொடுக்கவேண்டும் என்ற கவலையில்தான் நான் கார்டுகளை அளந்து பார்க்கவே ஆரம்பித்தேன்.

"தம்பி, இந்த 64 வேணாம்ப்பா. 128-ஆவே போட்டுரு, அப்புறம் பையன் குறை சொல்லக் கூடாது."

"இல்லண்ணே, இது 64தான். ஆனா அந்த 128-ஐவிட நல்லா ஓடும்."

"எம்பி கம்மியா இருக்கறது எப்படிப்பா நல்லா ஓடும்?"

நியாயமான கேள்வி. கவுண்டரில் நின்றபடி ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வியும்கூட.

அன்று எல்லோர் வீட்டிலும் இருந்தது 15 அங்குல, 17 அங்குல டப்பா மானிட்டர். கேம் ஓடும்போது திரை 1024-க்கு 768. பெருக்கினால் 7,86,432 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்குச் சரியாக 3 எம்பி. கண்முன் தெரிகிற படம் ஒன்று, பின்னால் வரைந்துகொண்டிருக்கும் படம் ஒன்று, எந்தப் பொருள் எதற்கு முன்னால் நிற்கிறது என்று ஆழத்தைக் குறித்துவைக்கும் அட்டவணை ஒன்று. மூன்றும் சேர்ந்து 9 எம்பி. மீதி இடம் சுவர், ரோடு, கார், சட்டை எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற படங்களுக்கு. 2003-இல் பிரவுசிங் சென்டர்களைப் பிடித்து ஆட்டிய வைஸ் சிட்டி என்ற கேம் குறைந்தபட்சம் கேட்டது 32 எம்பி. ஆக அந்தக் காலத்துப் பல கேம்களில் 128 எம்பி கார்டின் நினைவகத்தில் பெரும்பகுதி வேலையில்லாமல் சும்மா கிடந்தது.

வேகத்தைத் தீர்மானித்தது வேறு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் பொன்னணியாறு அணையை வைத்துத்தான் சொல்வேன்: அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு, மதகு எவ்வளவு அகலம் என்பது இன்னொரு கணக்கு. வயலுக்கு நேரத்தில் தண்ணீர் வந்து சேர்வது மதகைப் பொறுத்தது. கார்டில் மதகு என்பது சில்லுக்கும் நினைவகத்துக்கும் நடுவில் இருக்கும் பஸ். 128 பிட் பஸ் என்றால் ஒரு துடிப்பில் 16 பைட் போகும். நொடிக்கு 40 கோடித் துடிப்பு என்றால் 640 கோடி பைட், அதாவது 6.4 ஜிபி. அதே சில்லை, அதே 128 எம்பியை, 64 பிட் பஸ்ஸில் கட்டிவிட்டால் 3.2 ஜிபி. பாதி. பெட்டியின் முகப்பில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே எம்பி.

இது புதிய பழக்கமும் இல்லை. 1999-இல் வந்த என்விடியாவின் டிஎன்டி2 கார்டுக்கு 128 பிட் பஸ். அதே குடும்பத்தில் எம்64 என்ற ஒட்டுப்பெயரோடு வந்த மலிவுக் கார்டுக்கு 64 பிட். அந்த 64-ஐ எம்பி என்று நினைத்தவர்கள் நிறையப் பேர்.

பெட்டியைப் படித்துத் தெரியாததைக் கார்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அன்றைய மலிவுக் கார்டுகளில் கால்கள் நீட்டிய நீள்சதுர நினைவகச் சில்லுகள்தான் இருக்கும், பெரும்பாலும் ஒவ்வொன்றும் 16 பிட். முன்னும் பின்னுமாக எட்டு இருந்தால் 128 பிட். நாலுதான் இருந்தால் 64 பிட் என்று சந்தேகப்படவேண்டும். பெட்டியைப் பிரித்து, ஆன்டி-ஸ்டாட்டிக் கவரை வெளிச்சத்தில் பிடித்து, சில்லுகளை எண்ணிக் காட்டுவேன். அப்பாக்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். எண்ணிப் பார்த்து வாங்குவது அவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.

அளந்து பார்ப்பது இரவில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரே மதர்போர்டு, ஒரே பிராசசர், ஒரே எக்ஸ்பி, கார்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு 3டிமார்க் 2001 ஓட்டுவோம். டிஜிட் இதழோடு வந்த சிடிக்கள்தான் எங்களுக்குக் கிடைத்த சோதனைச்சாலை. கார்டு டிஸ்ப்ளே தராவிட்டால் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி போடுவோம். பாதிக் கார்டுகள் அதிலேயே உயிர் பெற்றுவிடும்.

அந்த வரிசையில் மூன்று கார்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

முதலாவது ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440. 2002 பிப்ரவரியில் வந்தது. 270 மெகாஹெர்ட்ஸ், 128 பிட், 6.4 ஜிபி. நொடிக்கு 108 கோடி டெக்சல்களை, அதாவது ஒட்டுகிற படங்களின் புள்ளிகளை, ஒட்டும். பெயரில் 4 இருந்தாலும் உள்ளே இருந்தது ஜீஃபோர்ஸ் 2 எம்எக்ஸைச் செம்மைப்படுத்திய சில்லு. 2001-இல் வந்த ஜீஃபோர்ஸ் 3-இல் கேம் எழுதுகிறவரே ஒவ்வொரு புள்ளிக்கும் நிரல் எழுதும் ஷேடர் வசதி வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்த '4'-இல் அது இல்லை. டூம் விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக் இப்படிப் பெயர் வைத்ததை அப்போதே வெளிப்படையாகக் கண்டித்தார். 2003 கடைசியில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தபோது எம்எக்ஸ் 440 வைத்திருந்த பையன்களுக்கு அந்தக் கேம் திறக்கவே இல்லை. ஜீஃபோர்ஸ் 3 போதும், ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் ஆகாது என்பது அந்தக் கேமின் நிபந்தனை. மூன்று பெரிதா நாலு பெரிதா என்ற கேள்விக்கு ஒரு கேம் இப்படியும் பதில் சொல்லும் என்று அதுவரை எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை. ஆனால் கார்மாக்கின் சொந்தக் கேமான டூம் 3, 2004-இல் வந்தபோது எம்எக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொண்டது. கார்டின் பெயரைக் கண்டித்த மனிதர், அதை வாங்கியவர்களைக் கைவிடவில்லை. அந்தச் செயல்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இரண்டாவது ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200. 2003 மார்ச். 250 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 100 கோடி டெக்சல், 128 பிட் பஸ் உள்ள கார்டில் 6.4 ஜிபி. எம்எக்ஸ் 440-இன் கதைக்கு நேர் எதிர்க் கதை இது. டைரக்ட்எக்ஸ் 9 கேட்கும் ஷேடர் வசதி எல்லாம் உண்டு. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா திறக்கும். ஆனால் அந்த வசதிகளைப் பயன்படுத்திப் படம் ஓட்டும் பலம் சில்லில் இல்லை. 2004-இன் ஹாஃப் லைஃப் 2 இந்த எஃப்எக்ஸ் குடும்பத்தைக் கண்டால் டைரக்ட்எக்ஸ் 9 வழியை விட்டுவிட்டுப் பழைய வழியிலேயே ஓட்டியது. பழைய கேம்களில், நாங்கள் அளந்து எழுதிவைத்த நோட்டில், எம்எக்ஸ் 440-உம் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. 64 பிட் பஸ் உள்ள 5200 இரண்டுக்கும் கீழே வெகுதூரம் போய்விட்டது.

மூன்றாவது ஜீஃபோர்ஸ் 4 டிஐ 4200. இதுதான் நான் 64 எம்பியில் பரிந்துரைத்த கார்டு. 250 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் புள்ளிகளை வரைய நாலு வரிசை, வரிசைக்கு இரண்டாக நொடிக்கு 200 கோடி டெக்சல். இதன் 64 எம்பி வகையில் நினைவகம் 500 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடும், 8 ஜிபி. 128 எம்பி வகையில் 444-தான், 7.1 ஜிபி. எம்பி கூடியபோது மதகு வழியே வரும் ஓட்டம் குறைந்தது. கடையில் அந்த அண்ணனுக்கு நான் சொல்ல முயன்றது இதைத்தான்.

2002-இல் ஏடிஐ வெளியிட்ட ரேடியான் 9700 ப்ரோ இவை எல்லாவற்றையும் பின்னால் தள்ளியது. 256 பிட் பஸ், 19.8 ஜிபி. எங்கள் பக்கம் அது பத்திரிகைப் படமாக மட்டுமே வந்தது.

கார்டே போட முடியாமல் போனவர்களும் உண்டு. இன்டெலின் 845ஜிஎல், 865ஜிவி சிப்செட் உள்ள மதர்போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டு செருகும் ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது. ஆன்போர்டு கிராபிக்ஸ் போதும் என்று மலிவாக வாங்கியிருப்பார்கள். ஓராண்டு கழித்துக் கார்டைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து சிபியுவைத் திறந்தால் செருக இடம் இருக்காது. பிசிஐ ஸ்லாட்டில் போடலாம், ஆனால் அது மொத்தமே நொடிக்கு 133 எம்பி தாங்கும் பாதை. ஏஜிபி 8எக்ஸ் தாங்குவது 2.1 ஜிபி. கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நிற்கும் ஆளிடம் இந்தக் கணக்கைச் சொல்வது அவ்வளவு எளிதாக இருக்காது.

எல்லா அப்பாக்களும் கிராபிக்ஸ் கார்டை 'விளையாட்டுக் கார்டு' என்றே சொன்னார்கள். படிப்பைக் கெடுக்கும் சாமான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று அது செய்த வேலை அவ்வளவுதான்.

2006 நவம்பரில் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் வந்தது. 128 சிறு கணிப்பான்கள், 68 கோடி டிரான்சிஸ்டர்கள். கூடவே கூடா என்ற நிரலாக்க முறையும் அறிவிக்கப்பட்டது. படம் வரைவதற்காகச் சேர்த்த அத்தனை கணிப்பான்களையும் எந்தக் கணக்குக்கும் ஏவலாம் என்பது அதன் பொருள். மறு ஆண்டு நாங்கள் விற்ற 8400 ஜிஎஸ் என்ற எளிய கார்டில் இருந்தவை 16 கணிப்பான்கள், 64 பிட் பஸ். கேமுக்கு அது ரொம்பச் சுமார். ஆனால் அதிலும் கூடா ஓடும். ஒரு பாலிடெக்னிக் மாணவன் அதில் இரண்டு அணிகளைப் பெருக்கிக் காட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கேம் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டு சூடாவதை அன்றுதான் முதலில் கண்டேன்.

2022 மே மாதம் துவாக்குடியில் உள்ள திருச்சி என்ஐடியில் பரம் பொருள் என்ற மீக்கணினி திறக்கப்பட்டது. தேசிய மீக்கணினித் திட்டத்தில் வந்தது, 838 டெராஃப்ளாப்ஸ். சாதாரணக் கணு, அதிக நினைவகக் கணு ஆகியவற்றோடு ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சில்லு உள்ள கணுக்களும் அதில் உண்டு. குளிர்விக்கத் திரவம் ஓடுகிறது. பையன் கெட்டுப்போய்விடுவான் என்று பயந்து எங்கள் கடையில் வாங்க மறுத்த அதே வகைப் பொருள், அறிவியல் கணக்குப் போட நம் மாவட்டத்திலேயே அரசுப் பணத்தில் வந்து இறங்கியிருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள அந்த அப்பாக்களில் ஒருவராவது பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அளவுகள் எங்கோ போய்விட்டன. எம்எக்ஸ் 440-இல் சுமார் 2.9 கோடி டிரான்சிஸ்டர்கள். 2022-இன் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 7,630 கோடி. 6.4 ஜிபி இருந்த இடத்தில் 1,008 ஜிபி. அந்தப் பழைய கார்டு ஏஜிபி ஸ்லாட் தந்த மின்சாரத்திலேயே ஓடியது, பலவற்றில் ஃபேன்கூடக் கிடையாது, ஒரு அலுமினியத் தகடுதான். 4090 ஒன்றுக்கு மட்டும் 450 வாட் வேண்டும். அன்று ஒரு முழு கம்ப்யூட்டருக்கே 300 வாட் எஸ்எம்பிஎஸ்தான் போட்டோம்.

மாறாதது பெட்டி. 2017-இல் ஜிடி 1030 என்று ஒரு கார்டு வந்தது, ஜிடிடிஆர்5 நினைவகம், 48 ஜிபி வேகம். மறு ஆண்டு அதே ஜிடி 1030 பெயரில், அதே 2 ஜிபி அளவில், டிடிஆர்4 போட்டு இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபி, மூன்றில் ஒரு பங்கு. இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வேறு பொருளென்றால் வேறு பெயர் வைக்கவேண்டும். வாங்குகிறவன் பொறியாளனாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

இப்போது வையம்பட்டியிலேயே சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அக்கா மகன் திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறான். பஞ்சப்பூரில் பஸ் ஏறி வந்தால் நேரே கடைக்குத்தான் வருவான். ஊரில் வயதானவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறான்: விதைப்பு, பஞ்சம், கல்யாணம், ஒப்பாரி, யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம். பல மணி நேர ஒலி. அதை எழுத்தாக்க விஸ்பர் என்ற ஏஐ மாதிரியை ஓட்டவேண்டும் என்றான். ஓப்பன்ஏஐ 2022-இல் பொதுவில் வெளியிட்டது, தமிழும் ஓரளவு தெரியும். பழைய கார்டோ புதிய கார்டோ, கைக்காசில் ஒன்று வாங்கவேண்டும்.

"மாமா, ரெண்டு பாத்து வச்சிருக்கேன். 3060 ஒண்ணு, பழசு, 12 ஜிபி. 4060 ஒண்ணு, புதுசு, 8 ஜிபி."

ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது 2021-இல்: 192 பிட் பஸ், 360 ஜிபி வேகம். 4060 வந்தது 2023-இல்: 128 பிட், 272 ஜிபி. எண்ணை மட்டும் பார்த்தால் பழையதுதான் மேல். ஆனால் கேமில் பெரும்பாலும் 4060 முந்துகிறது. காரணம், சில்லுக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆகிவிட்டது. அடிக்கடி தேவைப்படுவது உள்ளேயே கிடைத்துவிடுகிறது, பஸ்ஸைத் தொடும் வேலை குறைகிறது.

அவன் வேலை கேம் இல்லையே. விஸ்பரின் பெரிய மாதிரியில் 155 கோடி எண்கள். அதை ஓட்ட ஏறக்குறைய 10 ஜிபி வேண்டும் என்று வெளியிட்டவர்களே சொல்கிறார்கள். நடுத்தர மாதிரிக்கு 5 ஜிபி. பெரியதைச் சுருக்காமல் அப்படியே ஏற்றினால் 8 ஜிபி கார்டில் இடம் போதாது. மொழி மாதிரிகளிலும் இதே கதைதான். 700 கோடி எண்கள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 14 ஜிபி. கேம் என்றால் இடம் குறைந்தால் படம் தடுமாறும், அவ்வளவுதான். இங்கே இடம் இல்லையென்றால் வேலையே தொடங்காது.

ஆக, துண்டுச் சீட்டோடு வந்த அப்பாக்கள் அன்று கேட்ட கேள்வியை இருபது ஆண்டு கழித்து நானே முதல் கேள்வியாகக் கேட்டேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அன்று மூன்று படம் வைக்க 9 எம்பி போதுமாக இருந்தது, இன்று ஒரு மாதிரியை வைக்க 10 ஜிபி வேண்டியிருக்கிறது. வேலை மாறியிருக்கிறது. 3060-ஐயே வாங்கச் சொன்னேன். பழைய சரக்கு என்பதால் கழற்றித் தூசி துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

பெரிய மாதிரி அதில் ஓடுகிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் அது நிறையத் தவறுகிறது. பாட்டிகள் சொல்லும் பழைய நெல் பெயர்களை எல்லாம் வேறு ஏதோ சொற்களாக எழுதிவைக்கிறது. அவன் ஒவ்வொன்றாகத் திருத்துகிறான். திருத்தியதை வைத்து மாதிரிக்கு மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டுமாம். அதற்கு 12 ஜிபியும் போதாமல் போகலாம்.

அடுத்த வாரம் அவன் நண்பனின் 4060 கைக்கு வருகிறது. நடுத்தர மாதிரி இரண்டு கார்டிலும் ஏறும் என்பதால் ஒரே ஒலிப்பதிவை இரண்டிலும் ஓட்டி நேரம் பார்க்கப்போகிறோம். கணக்குப் போடும் பலம் 4060-க்குக் கூட, அதுதான் முந்தும் என்கிறேன் நான். சொல் சொல்லாக எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் மாதிரியின் எண்களை நினைவகத்திலிருந்து மறுபடி மறுபடி இழுக்கவேண்டும், 24 எம்பி கேஷ் அதற்கு எந்த மூலைக்கு, மதகு அகலமான 3060தான் ஜெயிக்கும் என்கிறான் அவன்.